சத்தம் வர வேண்டிய வண்டி

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் உன் முழங்காலும் சண்டையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். எங்கள் வீட்டு மேலிடம், அதாவது என் மனைவி, உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

போனில் சொல்ல வேண்டியதைக் கடிதத்தில் எழுதுகிறானே என்று புருவத்தைத் தூக்காதே. போனில் பேசினால் "கிளாஸ் இருக்குடா" என்று பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

ஒரு கார் வாங்கியிருக்கிறேன். அம்மா ஓட்டிய வாடகைக் காரின் அதே மாடல், அதே நீளமான பின்பக்கம். அம்மாவுடைய வண்டியேதானா என்று கேட்காதே. அது எப்போதோ உருகி வேறு யார் வீட்டுக் கதவாகவோ ஆகியிருக்கும். இது ஒரு மரக்கடைக் கிடங்கில் பலகைகளுக்கு அடியில் கிடந்தது. எஞ்சின் இறுகிக் கிடக்கிறது. சின்னச் சின்னச் சாமான்களை யாரோ ஒருவர் பொறுமையாகக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்.

பின்கதவைத் திறந்து அந்தச் சாமான் தட்டில் படுத்துப் பார்த்தேன். இப்போது கால் நீட்ட முடியவில்லை. நம்மைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல், சாம்பல் நிறப் போர்வைக்கு அடியில் நம் இரண்டு பேரையும் படுக்க வைத்து, "மூச்சுக் காட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டு அம்மா சவாரி ஏற்றுவாளே, அந்த இடம். பயணிகள் யாருக்கும் கடைசி வரை தெரியவே தெரியாது. நாமும் அவர்களைப் பார்த்ததில்லை. அந்த ஊரை நாம் பார்த்ததே இல்லை அக்கா, கேட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

எனக்கு வண்டி பளபளப்பாக வேண்டாம். அம்மாவின் வண்டி போட்ட சத்தமெல்லாம் வேண்டும். அதற்கு அந்தக் காலத்துச் சாமான்களே வேண்டும். இப்போது செய்து விற்கிறவை வேறு மாதிரி பேசும். உன் கல்லூரிக்குப் பின்னால் பழைய உதிரிபாகக் கடைத்தெரு இருக்கிறதாமே? முதலில் டேஷ்போர்டில் இருக்கும் கடிகாரத்தைத் தேடு. ஓட வேண்டும். முள் மட்டும் இருந்தால் போதாது.

கொஞ்சம் அவசரம். அச்சகத்து இரைச்சலில் இத்தனை வருஷம் நின்றதற்கு என் காது கணக்குத் தீர்க்க ஆரம்பித்திருக்கிறது. டாக்டர் ஏதேதோ கோடு போட்டுக் காட்டினார். பெரிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் காது இருக்கும்போதே வண்டியைக் கேட்டுவிட வேண்டும் அல்லவா?

முழங்காலைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

*

ஜனவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் வந்தது. முழங்கால் மாடிப்படியில் மட்டும் என்னோடு கருத்து வேறுபடுகிறது. உங்கள் இருவர் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். காதுக்கு ஒழுங்காக மருந்து போடு. கார் வாங்குவது மருந்தல்ல.

முதலில் ஒரு கேள்வி. அந்த வண்டிக்கு பிரேக் இருக்கிறதா? பிரேக் இல்லாத காருக்குக் கடிகாரம் தேடும் மனிதனை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

இரண்டாவது, நீ நம்பிக்கொண்டிருக்கும் நினைவைப் பற்றி. அப்போது உனக்கு ஆறு வயது, எனக்கு ஒன்பது. அந்த வயதில் கேட்ட ஒலி இதுதான் என்று இன்றைக்கு யாரும் சாட்சி சொல்ல முடியாது. நாம் நினைப்பது ஒலியை அல்ல, அதைப் பற்றி நமக்கு நாமே பின்னால் சொல்லிக்கொண்டதை.

இதைச் சொல்லிவிட்டு, சனிக்கிழமை அந்தக் கடைத்தெருவுக்குப் போனேன். இயற்பியல் வாத்தியாரம்மாவுக்கு அங்கே மரியாதை இல்லை. கடைசிக் கடைக்காரர் எல்லாச் சாமானையும் பிஸ்கட் டப்பாக்களில் போட்டு, டப்பாவின் மேல் எதுவும் எழுதாமல், தலைக்குள் கணக்கு வைத்திருக்கிறார். தெருவில் அவருக்கு டப்பாக்காரர் என்றே பெயர். கடிகாரம் என்றதும் ஏணியில் ஏறி ஒன்றை எடுத்துத் தந்தார்.

"ஓடுமா?" என்று கேட்டேன்.

"நான் பாத்ததுல இருந்து அது நின்னதே இல்ல. நான்தான் சாவி குடுக்க மறந்துடுறேன்" என்றார்.

அதைத்தான் பார்சலில் வைத்திருக்கிறேன். அப்புறம், இரண்டு முறை போன் செய்தேன். இரண்டு முறையும் உன் மனைவிதான் எடுத்தாள். நீ பக்கத்தில் இருப்பதாகச் சொன்னாள், ஆனால் நீ பேசவில்லை. அவ்வளவு பெரிய மனிதனாகிவிட்டாயா?

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருக்க வேண்டும். மேலிடத்துக்கு மட்டும் ஜலதோஷம். அதனால் வீட்டில் சட்டம் ஒழுங்கு கொஞ்சம் தளர்ந்திருக்கிறது.

கடிகாரம் வந்தது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. டேஷ்போர்டில் பொருத்தி, மேலிடத்தைக் கூப்பிட்டேன். நன்றாக ஓடுகிறது என்றாள். டப்பாக்காரரை ஏணியோடு வாழ்த்துகிறேன்.

அனுப்புவதற்கு முன் நீ அதைக் காதில் வைத்துக் கேட்டாயா? அதே சத்தம்தானா? சவாரிக்காகக் காத்திருக்கும்போது அம்மா எஞ்சினை நிறுத்திவிடுவாளே, அப்போது அது மட்டும் கேட்கும். ஒரு வரி எழுது.

அடுத்தது ஃபிளாஷர். இண்டிகேட்டர் விளக்கை எரிய வைத்து அணைக்கும் சின்ன அலுமினியக் குப்பி. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். உள்ளே ஒரு கம்பி சூடாகி நீண்டு, ஆறிச் சுருங்கி, டிக், டக் என்று அடிக்கும். இப்போது வருவதெல்லாம் அடிக்காமலே வேலை செய்கிறது. அது வேண்டாம். கொஞ்சம் சீக்கிரம், அக்கா.

பிரேக் இருக்கிறது. இரண்டு சக்கரத்துக்கு.

உன் தம்பி

*

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

உன் மனைவியின் ஜலதோஷம் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு விடைத்தாள் திருத்தும் காலம். கண்ணைத் தவிர மற்றதெல்லாம் நலம்.

கடிகாரத்தை நான் கேட்கவில்லை. கடிகாரம் கடிகாரம்போல்தான் ஓடியது. ஓடுவது உன் வீட்டில், கேட்க வேண்டிய காது உன்னுடையது. என்னை ஏன் கேட்கிறாய்?

ஃபிளாஷர் விஷயத்தில் டப்பாக்காரர் என்னை விடவில்லை. ஒரு டப்பாவைக் கவிழ்த்தார். பத்துப் பன்னிரண்டு குப்பிகள் உருண்டன. பேட்டரியையும் ஒரு பல்பையும் மேஜையில் வைத்து, ஒவ்வொன்றாக மாட்டி, "கேட்டுச் சொல்லுங்க மேடம். ஒண்ணு மாதிரி ஒண்ணு பேசாது" என்றார். எல்லாம் ஒரே தொழிற்சாலையில் வந்தவை, அதிகம் போனால் வேகத்தில் சிறு வித்தியாசம் இருக்கும் என்றேன். அவர் வாதாடவில்லை. அடுத்ததை மாட்டினார்.

நான்காவதோ ஐந்தாவதோ, தெரியவில்லை. அது அடிக்க ஆரம்பித்ததும் என் இடது தோள் தானாக இறுகியது. வண்டி இடது பக்கம் திரும்பப் போகிறது, உருண்டு உன் மேல் விழக் கூடாது என்று என் உடம்பு தயாராகிவிட்டது. கடையில் மர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், எதிரே ஒரு பல்பு எரிந்து எரிந்து அணைகிறது, அவ்வளவுதான். நான் எதையும் நினைத்துப் பார்க்கவில்லை. நினைப்பதற்கு முன்பே தோள் இறுகிவிட்டது.

இதற்கு ஒரு விளக்கம் இருக்கும். இப்போதைக்கு என்னிடம் இல்லை. டிக்குக்கும் டக்குக்கும் நடுவே ஒரு சின்னத் தயக்கம் இருக்கிறது, கவனி. அம்மாவுடையதும் அப்படித்தானா என்று நீதான் சொல்ல வேண்டும். உடனே எழுது. எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அன்புடன்,
அக்கா

*

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். எல்லோரும் நலம். உன் விடைத்தாள்கள் தீர்ந்திருக்கும்.

ஃபிளாஷர் பொருத்தியாயிற்று. விளக்கு அழகாக எரிந்து அணைகிறது. நன்றி.

அச்சகத்தில் நீண்ட விடுப்புப் போட்டிருக்கிறேன். முழு நேரமும் வண்டிதான். எஞ்சினைப் பிரித்துக் கழுவி மேஜையில் பரப்பியிருக்கிறேன். சாப்பாட்டு மேஜையில் அல்ல என்று மேலிடம் எழுதச் சொல்கிறாள்.

வைப்பர் மோட்டாரின் பல்சக்கரம் வேண்டும். பழையது, பித்தளையில் செய்தது. இப்போது வரும் பிளாஸ்டிக்கில் அந்த முனகல் வராது. அது கிடைத்ததும் ஹாரன். முடிந்தால் இரண்டையும் ஒன்றாகவே அனுப்பிவிடு. முடிந்தால் ஹாரனை முதலில்.

உன் தம்பி

*

மே 6

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீங்களும் நலம் என்றுதான் உன் கடிதம் சொல்கிறது. கடிதத்தில் அதைத் தவிர வேறொன்றும் இல்லை.

தோள் இறுகியதைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். எனக்கு அப்படியெல்லாம் எழுத வராது என்று உனக்குத் தெரியும். அதற்கு உன் பதில், விளக்கு எரிந்து அணைகிறது என்பது. ஒலியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அத்தனை சத்தமும் வேண்டும் என்று ஆரம்பித்தவன் நீ.

உன் வரிசையும் எனக்குப் புரியவில்லை. எஞ்சின் மேஜையில் கிடக்கிறது. கடிகாரம், ஃபிளாஷர், வைப்பர், ஹாரன் எல்லாம் மாட்டிக்கொண்டிருக்கிறாய். டப்பாக்காரரிடம் சொன்னேன். "வீடு கட்டுறதுக்கு முன்னாடி காலிங் பெல் வாங்குற ஆளா?" என்று கேட்டார். ஆமாம், என் தம்பி என்றேன்.

பல்சக்கரமும் ஹாரனும் இதோடு வருகின்றன. ஹாரனைக் கடை வாசலில் வைத்துச் சோதித்தோம். தெருவே ஒதுங்கி வழிவிட்டது. மூட்டை சுமந்துகொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்து, வண்டி இல்லாமல் ஹாரன் மட்டும் வருவதைக் கண்டு என்னைத் திட்டினார். நியாயமான திட்டு.

என்ன கோபம் என்மேல்? இருந்தால் எழுது.

அக்கா

*

ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன்மேல் கோபமா? கோபப்படுகிற அதிகாரம் இந்த வீட்டில் எனக்குக் கிடையாது. அதெல்லாம் மேலிடத்தின் இலாகா. நீ நலமாக இரு, எனக்கு அது போதும்.

ஹாரன் கேட்டது அக்கா! அப்படியே. அடிவயிற்றிலிருந்து வரும் அந்தக் குரல். திரும்பத் திரும்ப அடித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேல் தலையை நீட்டி ஏதோ சொன்னார். நல்ல வார்த்தையாக இருந்திருக்காது. மேலிடம் வந்து என் கையைப் பிடித்து எடுக்கும்வரை அடித்தேன்.

எஞ்சின் ஏறிவிட்டது. சுற்றுகிறது. நாலு சக்கரத்துக்கும் பிரேக் இருக்கிறது, நிம்மதியாகத் தூங்கு. சக்கரங்களுக்கு மட்டும் ஆசைப்பட்டு நாலு கை பெயிண்ட் அடித்தேன். முகம் பார்க்கலாம்.

இன்னும் ஒன்றே ஒன்று. எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டு இருக்கிறதல்லவா, அதன் நடுவில் ஒரு ரப்பர் வளையம் தாங்கும். உள்ளங்கை அகலம். பழையது கட்டை மாதிரி கெட்டியாக இருக்கும். அது இருந்தால்தான் வண்டி வேகம் எடுக்கும்போது சாமான் தட்டுக்கு அடியில் அந்த 'ம்ம்ம்' வரும். நாம் அதில்தானே தூங்கிப்போவோம்? கடையில் வாங்கிய புது ரப்பர் மெத்தென்று எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. எல்லா ஊருக்கும் எழுதிக் கேட்டுவிட்டேன். இல்லை.

இந்த மாதமே வேண்டும் அக்கா. அடுத்த மாதம் என்று வைத்துக்கொள்ளாதே.

உன் தம்பி

*

ஜூலை 5

அன்புள்ள தங்கைக்கு,

நீ நலமா? இந்தக் கடிதத்தை நீ வேலை பார்க்கும் மருந்துக்கடை முகவரிக்கு அனுப்புகிறேன். தம்பியிடம் காட்டாதே.

நேற்று முதலாண்டு வகுப்பில் ஒலிச் சோதனை. வருஷாவருஷம் செய்வதுதான். ஒலிபெருக்கியில் யாருக்கும் கேட்காத அளவு உச்ச சுருதியில் ஆரம்பித்து மெல்லக் கீழே இறங்கி வருவேன். கேட்கத் தொடங்கியதும் மாணவர்கள் கையைத் தூக்க வேண்டும். எல்லாக் கைகளும் தூக்கியாயிற்று. எனக்கு இன்னும் அமைதியாகவே இருந்தது. அவர்களுக்குச் சிரிப்பு. வயதாக ஆகக் காதின் மேல் படிகள், அதாவது கீச்சென்ற உச்ச ஒலிகள், ஒவ்வொன்றாக உடைந்துபோகும், இரைச்சலில் வேலை செய்தவர்களுக்குச் சீக்கிரமே உடையும், கீழ்ப்படிகள்தான் கடைசியில் மிஞ்சும் என்று வழக்கம்போல் கரும்பலகையில் ஒரு படிக்கட்டு வரைந்தேன். வரைந்துகொண்டிருக்கும்போதே கை நின்றுவிட்டது.

கடிகாரம். ஃபிளாஷர். வைப்பர் முனகல். ஹாரன். தண்டின் உறுமல். ஒரு மெக்கானிக் கேட்கும் வரிசை அல்ல இது. உச்சத்திலிருந்து அடி வரை, ஒரு படிகூட மாறாமல் அவன் இறங்கி வந்திருக்கிறான். ஒவ்வொரு படியும் உடைவதற்கு முன் அதில் ஒரு தரம் நின்றுவிடப் பார்த்திருக்கிறான். வகுப்பை நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ சோதனை பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றை யாரும், தன் தலையையே கருவியாக்கி, சாமான் தேடும் சாக்கில் செய்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

கடிகாரம் அவனுக்குக் கேட்டதா? ஃபிளாஷர்? உண்மையைச் சொல்.

அன்புடன்,
அண்ணி

*

ஜூலை 13

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனதுக்குத்தான்.

கடிகாரம் கேட்கவில்லை அண்ணி. பொருத்திவிட்டு வெகுநேரம் காதை அதன் மேல் வைத்தபடியே இருந்தார். பிறகு கண்ணாடி மேல் விரல் நுனியை வைத்துக்கொண்டு, ஓடுகிறதா என்று என்னைக் கேட்டார். ஓடுகிறது என்றேன். "எப்படி ஓடுது, சொல்லு" என்றார். டிக் டிக் என்று சொல்வதைத் தவிர எனக்கு என்ன சொல்லத் தெரியும்? அதனால்தான் உங்களிடம் கேட்டு எழுதினார். நீங்கள் கடிகாரம்போல் ஓடியது என்று பதில் எழுதினீர்கள். உங்கள்மேல் குறையாகச் சொல்லவில்லை, நீங்கள் அறியவில்லை.

ஃபிளாஷர் வருவதற்குள் அந்தச் சத்தமும் அவர் காதை விட்டுப் போய்விட்டது. தோள் இறுகியது என்று நீங்கள் எழுதிய கடிதத்தை மட்டும் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். வைப்பர் கேட்டும் கேட்காமலும். ஹாரன் ஒன்றைத்தான் பிடித்தார். அன்று அவர் முகத்தைப் பார்க்க நீங்கள் இங்கே இருந்திருக்க வேண்டும்.

என் குரல் அவருக்குக் கேட்காமல் போய்விட்டது. ஆண்கள் பேசினால் ஏதோ இரைச்சல் மாதிரி கேட்கிறதாம். உங்களுக்கு எழுதலாமே என்றேன். "வேணாம். அக்காவுக்குத் தெரிஞ்சா கணக்குப் போட ஆரம்பிச்சிடும். அப்புறம் சாமான் தேடாது, டாக்டர் தேடும்" என்றார். எல்லா டாக்டரையும் நாங்கள் பார்த்துவிட்டோம்.

அந்த ரப்பர் கிடைக்குமா அண்ணி? கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் தம்பி மனைவி

*

ஜூலை 30

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நான் நலம்.

வளையம் கிடைத்துவிட்டது. தினமும் கல்லூரி விட்டதும் டப்பாக்காரர் கடையில் போய் உட்கார்ந்தேன். மூன்றாவது நாள் அவர் பொறுமை இழந்தார்.

"மேடம், சத்தம் வரக் கூடாதுன்னுதான் ஊரே இந்த ரப்பரை மாத்துது. உங்க தம்பிக்கு மட்டும் ஏன் சத்தம் வரணும்?"

சொன்னேன். உனக்கு இங்கே எழுதாததை அவரிடம் சொன்னேன். அவர் கடையை அடைத்தார். மோட்டார் சைக்கிளில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் கோழிகள் குடியிருந்த பழைய ஆம்புலன்ஸ் வரை கூட்டிப்போனார். அதே மாடல். அவர் அடியில் ஊர்ந்து போய்க் கழற்ற, நான் டார்ச் பிடித்தேன். கோழிகள் எங்கள் இருவரையும் ஏற்கவில்லை. வெளியே வந்தவர் வளையத்தைச் சட்டையால் துடைத்து, விரல் நகத்தால் சுண்டிப் பார்த்து, என் கையில் வைத்தார். கல்போல் இருக்கிறது.

இதைப் பார்சலில் அனுப்ப எனக்கு மனமில்லை. நானே கொண்டுவருகிறேன். ஓட்டுநர் உரிமம் பர்ஸில் இருக்கிறது. நீ பின்னால் படுத்துக்கொள், நான் ஓட்டுகிறேன். மறுப்புச் சொல்லாதே, வயதில் மூத்தவள்.

அன்புடன்,
அக்கா

*

ஆகஸ்ட் 19

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். உன் மனைவி கட்டிக்கொடுத்த சாப்பாடு ரயிலில் எதிரே இருந்தவருக்கும் போதுமானதாக இருந்தது.

நீ பின்னால் படுத்திருந்ததால், முன்னால் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஊரில் இருந்தபோது நாம் சொல்லிக்கொள்ளாத மற்றவை அப்படியே இருக்கட்டும்.

பெரிய சாலையில் ஏறி வேகம் எடுத்ததும் அந்த உறுமல் வந்தது. முதலில் காலடியில், பிறகு இருக்கையில், பிறகு எங்கும். இத்தனை வருஷமாக அதை நான் பின்னாலிருந்துதான் அறிந்திருந்தேன். முன்னால் அது வேறு மாதிரி இருக்கிறது, தம்பி. முதுகுக்குப் பின்னால் யாரோ இருப்பதுபோல் இருக்கிறது. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அம்மா நாளெல்லாம் கேட்டது இதைத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. கண் மறைத்தது. உன் மனைவி பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்போதுதான் நீ பின்னால் தகரத்தில் தட்டினாய்.

"அண்ணி, அவர் தட்டுறாரு" என்றாள்.

"சந்தோஷத்துல தட்டுறான். விடு" என்றேன்.

மறுபடி தட்டினாய். இந்த முறை உள்ளங்கையால். எனக்கு உறுமலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை, அவளுக்கும் அப்படித்தான். என் காதில் குறையில்லை, அவள் காதில் குறையில்லை, நீ ஏதோ பிரமையில் தட்டுகிறாய் என்றுதான் நினைத்தேன். அதை வாய்விட்டும் சொன்னேன். உன் மனைவி, "அவர் சொன்னா நிறுத்துங்க அண்ணி" என்றாள். அவள் குரலுக்குப் பயந்துதான் நிறுத்தினேன், உன்னை நம்பி அல்ல.

மற்றதை நீ அறிவாய். பின்கதவைத் திறந்து இறங்கினாய். எங்களைப் பார்க்காமல் நேராக இடது பின்சக்கரத்துக்குப் போய் மண்டியிட்டாய். நட்டு ஒன்றைக் காணோம். இரண்டு உன் விரலுக்கே சுழன்றன. ஆசைப்பட்டு நீ அடித்த நாலு கை பெயிண்ட் நட்டுகளுக்கு அடியில் நசுங்கி, பிடி விட்டுப்போயிருந்தது. எதிரே சரிவும் வளைவும். நீ நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்து, உண்மையாகவே ஆச்சரியப்பட்டு, "ஏன், உங்களுக்குக் கேக்கலையா?" என்றாய்.

உன் மனைவி சாலை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் காரின் கூரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். விளக்கம் இருக்கிறது. தளர்ந்த சக்கரத்தின் அதிர்ச்சி, காது கவனிக்கும் எல்லைக்கும் கீழே, மெதுவானது. உறுமல் அதை எங்கள் காதில் மூடிவிட்டது. தகரத்தில் முதுகு பதித்துப் படுத்திருந்தவனுக்குத் தோலும் எலும்பும் அதைப் பிரித்துச் சொல்லியிருக்கின்றன. கரும்பலகையில் வரைந்துகூடக் காட்டிவிடுவேன். வரைந்த பிறகும் உடம்பு சிலிர்ப்பது நிற்காது. நீ கீழ்ப்படியில் வந்து நிற்கிறாய், அதற்குக் கீழே ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டுதான் உன் ஊருக்கு ரயில் ஏறினேன். இருக்கிறது என்று நீதான் தட்டிக் காட்டினாய்.

சக்கரத்துப் பெயிண்டைச் சுரண்டு. முதல் வேலையாக.

அன்புடன்,
அக்கா

*

செப்டம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மேலிடம் எனக்கு முன்பே பிரித்துப் படித்துவிட்டாள். தான் ஜன்னல் பக்கம் திரும்பியது வெயில் கூசியதால் என்று பதிவு செய்யச் சொல்கிறாள். பதிவு செய்துவிட்டேன். உன் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்புகிறாள். வாசனை பொறுக்க முடியாது, ஆனால் கேட்கும்.

சக்கரங்களைச் சுரண்டிவிட்டேன். இப்போது அசிங்கமாக, உறுதியாக இருக்கின்றன.

காது போய்விட்டது அக்கா. இரண்டும். போன வாரம் டாக்டர் எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு தாளில் எழுதிக் காட்டினார். உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் நானே எழுதியதாக இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் நேராக வண்டியில் போய் உட்கார்ந்தேன். எஞ்சினைப் போட்டுவிட்டு, சும்மா சாய்ந்துகொண்டேன். மேலிடம் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளிடம் சொன்னேன், மூன்றாவது சிலிண்டரில் ஒரு வால்வு லேசாகத் தளர்ந்திருக்கிறது, தோள்பட்டைக்குக் கீழே தெரிகிறது என்று. அவள் நம்பவில்லை. நாளைக் காலையில் மூடியைக் கழற்றி அவளுக்குக் காட்ட வேண்டும்.

உன் தம்பி